தண்ணீரும் நுரையும்



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் முகச்சவரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சவரத்தைவிட, அதற்கு முன்னர் முகத்தில் பூசப்படும் நுரையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நுரையும் குமிழியும் நம் இலக்கியத்துக்குப் புதியவையல்ல. நிலையாமையைச் சொல்ல வந்த புலவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் நாடினார்கள். குமரகுருபர சுவாமிகள் நீதிநெறி விளக்கத்தைத் தொடங்கும்போதே இளமையை நீர்க்குமிழியோடு ஒப்பிடுகிறார். தோன்றிய கணத்திலேயே உடைந்துபோவதனால் குமிழி புலவருக்கு உதவுகிறது.

ஆனால் சவரத்தொழிலாளியின் நிலை வேறு. அவருக்குக் குமிழி உடையாமல் நிற்க வேண்டும். அதிக நேரம் வேண்டாம். மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ, கத்தி ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய்ச் சேரும் வரை நின்றால் போதும். அந்த மூன்று நிமிடத்துக்காக மனிதன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு பாத்திரம் வழக்கில் இருந்தது. ஸ்கட்டில் என்று பெயர். பீங்கானில் செய்த கோப்பை. அதன் வயிற்றில் வெந்நீர் நிற்கும். பக்கத்தில் அகன்ற மூக்கு ஒன்று உண்டு. பிரஷை அதன் வழியே உள்ளே விட்டு நனைப்பார்கள். மேலே ஒரு சிறிய தட்டு. அதிலே சவர்க்காரம் இருக்கும். மிஞ்சும் தண்ணீர் வடிந்து கீழே போகத் தட்டிலே துளைகள் இட்டிருப்பார்கள். தண்ணீரின் சூடு தட்டுக்கும் ஏறுவதால் நுரை கடைசிவரை இளஞ்சூடாகவே இருக்கும்.

சூடு சுகத்துக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். தாடிமயிர் காய்ந்திருக்கும்போது கத்திக்கு வளைந்து கொடுக்காது. இளஞ்சூடான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அது தண்ணீரைக் குடித்துப் பருத்து மெதுமையாகிவிடும். அப்போது அதை வெட்டுவதற்கு வேண்டிய விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நுரையின் வேலை, அந்த ஈரத்தையும் சூட்டையும் முகத்தில் பிடித்து வைத்திருப்பதும் கத்தி வழுக்கிச் செல்ல வழி செய்வதுமாகும்.

நுரை எழுப்புவதிலும் ஒரு முறை உண்டு. பிரஷை வெந்நீரில் ஒரு நிமிடமாவது ஊறவிட வேண்டும். பிறகு நன்றாக உதறி, சவர்க்காரத்தின் மேல் வட்டமாகச் சுற்ற வேண்டும். முதலில் பசைபோல் வரும். அதிலே இரண்டு மூன்று துளி நீர் விட்டு அடிக்க வேண்டும். மறுபடி இரண்டு துளி. மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டு நீரைக் கொட்டினால் பெரிய குமிழிகளாக எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடும். பொறுமையாக அடித்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, கட்டித் தயிர்போல் மினுங்கும். சிறிய குமிழிகளே நின்று பிடிக்கின்றன. தேங்காயெண்ணெயில் செய்த குளியல் சவர்க்காரம் கெதியில் நுரைத்துக் கெதியில் அடங்கும். சவரத்துக்கென்று செய்வதில் ஸ்டியரிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் நுரை மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும்.

இவ்வளவும் சரி. ஆனால் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் பிரஷைப் பற்றியும் சவர்க்காரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். மழைக்குக் குறைவில்லாத நாட்டில் பிறந்தவர்களுக்கு அது போதும். தீவகத்திலே பிறந்த எனக்கு அது போதாது.

யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் தீவுகளும் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருப்பவை. மாரியில் பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கும்போது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. பாடசாலையில் இதை வன்னீர் என்று படித்திருப்பீர்கள். வன்னீரில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்ததுபோல் ஓர் அழுக்குத்தான் மிதக்கும். நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பசி தீர்ந்த பிறகே நுரை வரும். இந்த இடத்தில் வெந்நீருக்கு இரண்டாவது பயன் ஒன்றும் இருக்கிறது. நீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பகுதி பிரிந்து அடியிலே படியும். நம் வீட்டுக் கேத்தில்களின் உள்ளே வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான். கொதித்து ஆறிய நீரை மேலாக இறுத்து எடுத்தால் அதே கிணற்றுத் தண்ணீர் முன்னிலும் நன்றாக நுரைக்கும்.

ஆனால் உப்புக்கு இந்த வைத்தியம் பலிக்காது. கொதிக்கக் கொதிக்க உப்பு கூடுமே தவிரக் குறையாது. தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் கோடை முற்றும்போது நீர் சவர்த்துப் போகும். சவர், சவர்க்காரம், சவரம். மூன்று சொற்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிக்கின்றன. சவரம் வடமொழியின் க்ஷௌரத்திலிருந்து வந்தது. உப்பைக் குறிக்கும் சவர் நம்முடையது. பிறப்பு வேறாக இருந்தாலும் தீவகத்திலே இவை மூன்றும் அன்றாடம் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. சவர்த்தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காவிட்டால் சவரம் எரியும்.

இந்த நிலத்திலேதான் சாட்டியின் பெருமை இருக்கிறது. ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவின் கடற்கரையிலே, சிந்தாத்திரை மாதா கோவிலை அண்டிய வெண்மணற் பகுதி சாட்டி. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். அயலூர்களின் தாகத்தையும் தீர்த்த கிணறுகள் அங்கே உள்ளன. மழைநீரை மணல் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே அது கீழேயுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் குடிப்பதற்குச் சாட்டித் தண்ணீர் எடுப்பித்து வைத்திருப்போம். அதிலே ஒரு செம்பு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஐயாவின் சவரத்துக்கென்று ஒதுக்கப்படும். 1960களின் தொடக்கம் அது. பரியாரியார் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் வைத்தியரையும் பரியாரியார் என்போம். சவரத்தொழிலாளரையும் அப்படியே அழைப்போம். வந்தவுடன் கத்தியை எடுக்கமாட்டார். செம்பிலிருந்து சில துளியை உள்ளங்கையில் விட்டுச் சவர்க்காரத் துண்டால் உரஞ்சிப் பார்ப்பார். "தம்பி, தண்ணி நல்லதெண்டால் சவுக்காரம் தன்ரபாட்டிலை நுரைக்கும். நாங்கள் சும்மா கையை ஆட்டிறது மட்டுந்தான்" என்று எனக்குச் சொல்வார்.

இங்கிலாந்துப் பீங்கானைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அதே யுக்தி அவர் கையில் இருந்தது. அகன்ற சட்டியில் வெந்நீர் விட்டு, அதற்குள் ஐயாவின் பழைய மூக்குப்பேணியை வைப்பார். பித்தளை கெதியில் சூடேறும். அந்தப் பேணிக்குள்ளே பிரஷைச் சுற்றிச் சுற்றி நுரை எழுப்புவார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருவர் தன் கழுத்தை இன்னொருவரின் கத்திக்கு முன்னால் நம்பிக்கையோடு நீட்டும் தொழில் வேறெது இருக்கிறது?

அவ்வளவு நம்பிய அந்தக் கைக்கு எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை இருக்கவில்லை. சட்டியில் விட்ட நீரும் எங்களில் ஒருவர் அள்ளி ஊற்றிய நீரே. வேலை முடிந்ததும் அம்மா அவருக்குத் தேநீர் கொடுப்பார். மூக்குப்பேணி கழுவப்பட்டு அடுக்கில் ஏறிவிடும்; தேநீர் சிரட்டையில் வரும். அம்மா அவரிலும் முப்பது வயது இளையவர். அம்மா அவரை "நீ" என்பார். அவர் அம்மாவை "நாச்சியார்" என்பார். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்யவில்லை. வழக்கம் என்று நினைத்துச் செய்தார்கள். எங்கள் வீட்டில் மட்டுமன்றி ஊரெங்கும் அன்று அப்படித்தான். சவர்க்காரத்துக்குப் பித்தளை, மனிதருக்குச் சிரட்டை என்ற கணக்கு எங்கே பிழைக்கிறது என்று கேட்க அந்த வீடுகளில் ஆளில்லை.

கேட்டவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தார்கள். அந்தக் காலத்திலேயே யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சவரத்தொழிலாளி கதை எழுதிக்கொண்டிருந்தார். டொமினிக் ஜீவா அவர்களைத்தான் சொல்கிறேன். 1927இல் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர், சலூனில் நின்றுகொண்டே உலகத்தைப் படித்தவர். 1960இல் வெளிவந்த அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியின் பெயர் "தண்ணீரும் கண்ணீரும்". சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற நூல் அது. இன்றைய என் பேச்சின் தலைப்பிலே பாதி அவருடையது என்பதை நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள். 1966இல் "மல்லிகை" சஞ்சிகையைத் தொடங்கி, பிரதிகளைக் கையிலே எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். பின்னாளில் கொழும்பிலிருந்தும் அதை வெளியிட்டார். 400 இதழுக்கு மேல் வந்தது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது ஈழத்து இலக்கிய உலகம் முழுவதும் எழுந்து நின்று வணங்கியது. தம் தொழிலை அவர் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. தண்ணீர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்ணீர் என்ற சொல்லை ஏன் வைத்தார் என்பது, சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவரை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்தாலும் கிணற்றடிக்கு அது நடந்து வரப் பல ஆண்டுகள் எடுத்தன. 1966இல் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்துக்குப் பிறகே பல கதவுகள் திறந்தன. எங்கள் பரியாரியாரின் மகன் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக வரவில்லை. பட்டினத்தில் சலூன் ஒன்றில் சேர்ந்தார். முகம் வழிக்க வேண்டுமென்றால் ஐயா அங்கே போக வேண்டியதாயிற்று. வாங்கில் இருந்து தன் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதாயிற்று. அது நல்ல மாற்றம்.

பிறகு போர் வந்தது. 1990இல் அது தீவகத்துக்குள் நுழைந்தபோது ஊர்கள் வெறுமையாயின. இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தவர்களுக்குப் பொருளாதாரத் தடை காத்திருந்தது. சவர்க்காரம் கைக்கெட்டாத பொருளாயிற்று. அப்போது நம்மவர்கள் பழைய வழக்கமொன்றுக்குத் திரும்பினார்கள். பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியிலே உடுப்புத் தோய்த்தார்கள். அது வெறும் சமாளிப்பன்று. பனங்களியில் சப்போனின் வகையைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. பிளாபெலிஃபெரின் என்று பெயர். பனம்பழத்தின் காறலுக்குக் காரணமும் அவைதான். நுரைக்குக் காரணமும் அவைதான். சவர்க்காரத்தின் கடைசித் துண்டுகளை நானும் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு சிரட்டைக்குள் அவற்றை அமத்தி, வெந்நீர்ச் சட்டியில் மிதக்கவிட்டு நுரை எழுப்பினேன். சிரட்டை நன்றாகவே சூடு தாங்குகிறது. பாத்திரத்திலே ஒரு குற்றமும் இல்லை. ஒரு மனிதரை இழிவுபடுத்துவதற்கென்று அதை நீட்டிய கையிலேதான் குற்றம் இருந்தது.

இன்று கடையில் தகரக் குப்பியை அமத்தினால் நுரை வருகிறது. எந்தத் தண்ணீர் என்று அது கேட்பதில்லை. வசதிதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையால் நுரை எழுப்பிய காலத்தில், கிணற்று நீர் மாறுவதை ஒவ்வொரு வீட்டுக்காரனும் காலையிலேயே தன் கன்னத்தில் அறிந்துகொண்டான். வைகாசியில் நுரைக்க மறுக்கும் நீர், கார்த்திகை மழைக்குப் பிறகு பொங்கி நுரைக்கும். இப்போது அந்த அறிவு நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

சாட்டிக்கு அது நல்லதன்று. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது நம் பழமொழி. மணலுக்கடியில் மிதக்கும் நன்னீருக்கு இந்தப் பழமொழியை அளவோடுதான் சொல்ல வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை அது கடலைத் தள்ளி வைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால், இயந்திரம் வைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் கடல் கீழிருந்து 40 அடி ஏறி வரும். மேலே இருக்கும் மணலை அள்ளிக்கொண்டு போனாலோ, மழையைத் தாங்கி வைக்கும் பஞ்சே இல்லாமற் போகும். ஒருமுறை சவர்த்துப்போன நீரை மீட்க எத்தனை மாரி வேண்டுமோ!

யாருடைய கையும் அள்ளக்கூடாது என்று சொல்லிக் காத்த தண்ணீர் அது. இன்று எல்லாருடைய கையும் அள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது. அந்த உரிமையைப் பெறப் பலர் அவமானத்தையும் அடியையும் தாங்கினார்கள். எல்லாருக்கும் உரியதான பிறகு அதை உப்பாகவிட்டால், அவர்கள் பட்ட பாட்டுக்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்? குமிழி நிலையாதது என்று புலவர் பாடியது உண்மை. ஆனால் அந்தக் குமிழியைப் பிறப்பிக்கும் நன்னீரும் நிலையாததாகிவிட நாம் காரணமாக இருக்கக்கூடாது.