நீர்மூழ்கி வண்டு
(உழவர்களுக்கு ஆற்றிய உரை)



வயல் நீரில் மேலே வந்து, வால்பக்கத்தை நீட்டிக் காற்றை வாங்கி, சட்டென்று மூழ்கும் வண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறவினங்கள் நியூகினித் தீவின் மலையோடைகளில், கரையோரச் சரளைக் குழிகளில் ஏராளம். எக்சோசெலினா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 100-க்கு மேற்பட்ட இனங்களுக்கு அங்கே பெயரிட்டிருக்கிறார்கள். அரிசிமணி அளவே உள்ள இவற்றில் பல வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புதிய இனம் என்று துணிகிறார்கள். சில இனங்கள் ஒரே மலைப்பகுதியில் மட்டும் உள்ளவை. காடு அழிந்து ஓடை கலங்கினால், பெயரிடுமுன்பே ஓர் இனம் மறைந்துபோகலாம்.

நம் வயல் வண்டின் புழு கொசுப்புழுவைப் பிடித்து உறிஞ்சும். (மீன்குஞ்சையும் விடாது, குஞ்சு வளர்க்கும் குளத்தில் அது பகைதான்!) நெற்பயிரை அது தொடுவதில்லை. வண்டு நீந்துகிறதே என்று பூச்சிமருந்தை எடுத்துவிடாதீர்கள்.