இறங்கி வரவேண்டிய மலை

(தவக்காலம் இரண்டாம் ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்றைய நற்செய்தியில் இயேசு பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் ஓர் உயர்ந்த மலைக்குக் கூட்டிச் செல்கிறார். அவர்கள் கண்முன் அவருடைய தோற்றம் மாறுகிறது. ஆடை வெள்ளை வெளேரென்று ஒளிவீசுகிறது. மோசேயும் எலியாவும் தோன்றுகிறார்கள். பேதுருவுக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. மூன்று கூடாரங்கள் போடலாமா என்று கேட்கிறார்.

பேதுருவின் மனத்தைப் புரிந்துகொள்ள, இன்று நாம் வேறொரு மலைப்பாதையில் சற்று நடந்து பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில், ஜான் மியூர் பாதை என்று ஒன்று உண்டு. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி மலையின் உச்சி வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். கூடாரம், உறக்கப் பை, அடுப்பு, உணவு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மூன்று வாரம் போல நடக்கிறார்கள். மலைக்காட்சிகளைப் படமெடுக்க வருபவர்கள் கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அந்தப் பயணத்தின் கடைசி நாள்களை மட்டும் நாம் மனக்கண்ணால் பார்ப்போம்.

சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாரஸ்டர் கணவாயைத் தாண்டிவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரியும். கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் கொண்டுவந்த உணவு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வழியில் கடை ஏதும் இல்லை. இருப்பதை எண்ணி எண்ணித்தான் சாப்பிட வேண்டும். இரவுக் குளிரில் கேமராவின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், அதை உறக்கப் பைக்குள் உடலோடு அணைத்துக்கொண்டு படுக்கிறார்கள். முதல் வாரத்தில் கண்டதையெல்லாம் எடுத்த கை இப்போது நிதானிக்கிறது. நின்று பார்க்கிறார்கள். ஒளி வரும்வரை காத்திருக்கிறார்கள். பிறகுதான் ஒரு படம்.

கையிருப்பு குறையும்போது கவனம் கூடுகிறது. தவக்கால நோன்பும் இதைத்தானே நமக்குச் சொல்லித்தருகிறது?

கடைசி இரவு பலரும் தங்குவது கித்தார் வடிவில் இருக்கும் ஓர் ஏரியின் கரையில். அதன் பெயரே கித்தார் ஏரிதான். நள்ளிரவு கடந்து ஒரு மணி, இரண்டு மணிக்கே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்குகிறார்கள். உச்சிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கையில் வழி பிரிகிறது. அங்கே பெரிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர், கம்பளி ஆடை, கேமரா மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போகிறார்கள். 4,421 மீட்டர். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்க மாநிலங்களில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. கிழக்கே வெகு ஆழத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. முதல் கதிர் பட்டதும் சாம்பல்நிறப் பாறையெல்லாம் ரோஜா நிறமாகிறது. சில நிமிடங்கள்தான். பிறகு அது சாதாரணப் பகல் வெளிச்சம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜான் மியூர் பாதை அந்த உச்சியோடு முடிகிறது. ஆனால் அங்கே சாலை இல்லை, வண்டி இல்லை, தண்ணீர் இல்லை. மிக அருகிலுள்ள சாலை இன்னும் 17 கிலோமீட்டர் தள்ளி, 1,800 மீட்டருக்கும் மேலாகக் கீழே இருக்கிறது. பாதை முடிந்துவிட்டது, நடை முடியவில்லை. மூட்டு வலிக்க வலிக்க இறங்க வேண்டும்.

உச்சியில் ஒரு கல் வீடு உண்டு. ஆய்வு செய்ய வரும் அறிவியலாளர்களுக்காக 1909ஆம் ஆண்டில் கட்டியது. பேதுரு கேட்ட கூடாரம் போலவே இருக்கிறது அல்லவா? ஆனால் இடிமின்னல் வந்தால் இந்த வீடு உங்களைக் காக்காது, உடனே கீழே இறங்குங்கள் என்று அங்கேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். உச்சி பார்ப்பதற்கான இடம். குடியிருப்பதற்கான இடம் அல்ல.

சரி, எதற்காக இறங்க வேண்டும்? இன்று வாசித்த பகுதி, மலையிலிருந்து இறங்கி வருவதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, அடுத்த பகுதியையும் வாசியுங்கள். மலையடிவாரத்தில் ஒரு தகப்பன் காத்திருக்கிறார். மகனுக்குச் சிறுவயது முதல் வலிப்பு. நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான். கீழே இருந்த சீடர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே மூன்று கூடாரங்கள் எழுந்திருந்தால், அந்தத் தகப்பனின் அழுகையை யார் கேட்டிருப்பார்கள்?

ஜான் மியூர் பாதையின் கதையிலும் ஒரு தகப்பன் இருக்கிறார். வால்டர் ஸ்டார் என்பது அவர் பெயர். மகனுக்கும் அதே பெயர். மகன் இளம் வழக்கறிஞர். அந்தப் பாதையில் நடப்பவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலை எழுதிக்கொண்டிருந்தார். 1933 ஆகஸ்டில் மினரெட்ஸ் என்னும் கூரிய சிகரங்களுக்குத் தனியாகப் போனவர் திரும்பி வரவில்லை. நீண்ட தேடலுக்குப் பிறகு நார்மன் கிளைடு என்ற மலையேறி அவர் உடலைக் கண்டுபிடித்தார். அந்த மலையிலேயே அடக்கம் செய்தார்கள்.

மகனை மலையில் விட்டுவிட்டு இறங்கிய தகப்பனின் கால்களை நினைத்துப் பாருங்கள். ஆனால் அவர் இறங்கி வந்து, மகன் பாதியில் விட்ட நூலை முடித்து 1934இல் வெளிவரச் செய்தார். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் வழி தவறாமல் நடக்க அது உதவியது. பிறகு மகனின் நினைவாக, அந்தப் பாதையின் படங்களைக் கொண்ட ஒரு நூலை உருவாக்கும் பொறுப்பை ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞரிடம் ஒப்படைத்தார். 1938இல் 500 பிரதிகள் அச்சாயின.

ஆடம்ஸ் தாம் எடுத்த படங்களைத் தம் வீட்டுச் சுவரோடு வைத்துக்கொள்ளவில்லை. 1936இலேயே அவற்றை வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்று, கிங்ஸ் கேன்யன் பகுதியைக் காக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசினார். பிறகு அந்த நினைவு நூல் அரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கைவரை போய்ச் சேர்ந்தது. 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பலர் உழைத்த அந்தப் பணியில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. மேலே கண்ட ஒளி கீழே இருந்தவர்களுக்குப் பயன்பட்டது.

அன்புக்குரியவர்களே, நமக்கும் மலை அனுபவங்கள் உண்டு. மூன்று நாள் தியானம், திருத்தலத்துக்கு நடைப்பயணம், கண்ணீரோடு செய்த ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். அந்தக் கடைசி நாளில் வீடு திரும்பவே மனம் வருவதில்லை. திரும்பி வந்தபின் செல்பேசியில் இருக்கும் படங்களை எல்லாருக்கும் காட்டுகிறோம். காட்டுவதில் தவறில்லை. ஆனால் நாம் இல்லாத அந்த மூன்று நாளும் படுக்கையில் இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தது யார்? தேர்வில் தோற்ற மகன் யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் யாருக்காகக் காத்திருக்கிறான்? படத்தைக் காட்டுவதற்குமுன், அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்போம். மலையில் நாம் கண்டது உண்மையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மலையில் சீடர்கள் கேட்ட குரல், மகனுக்குச் செவிகொடுங்கள் என்றது. மேகம் கலைந்தபோது அங்கே இயேசு மட்டும் இருந்தார். அவர் மலையில் தங்கிவிடவில்லை. அவர்களோடு இறங்கினார்; அந்தத் தகப்பனிடம் வந்தார்; அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார். நாம் இறங்கும்போதும் அவர் உடன் வருகிறார்.

இந்த வாரம் நம் மலையடிவாரத்தில் காத்திருக்கும் ஒருவரைத் தேடிப்போய், அரைமணி நேரம் அவரோடு உட்காருவோம். அதற்கான அருளை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக. ஆமென்.