ஒரே கோப்பு, இரண்டு செயலிகள்

குறிப்பெடுக்கும் செயலிகள் இரண்டில் ஒரே கோப்புகளைத் திறந்து கையாளும் வழக்கத்தை மதிப்பிடச் சிங்கப்பூர்த் தமிழருக்குத் தனித் தகுதி உண்டு. ஒரு மென்பொருளில் எழுதிய தமிழை மற்றொன்றில் படிக்க இயலாதிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

1990களில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண்களை வழங்கியது. குறியேற்றம் எனப்படும் இவ்வெண்ணிடல் முறை ஆளுக்கொன்றாக இருந்ததால், ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை, அது இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது. 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் இங்கு நடத்திய தமிழ் இணைய மாநாடு, பொதுத் தரம் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. இன்று யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியேற்றம் நிலைபெற்றுவிட்டதால், தமிழ்க் கோப்பை எந்தச் செயலியும் திறக்கிறது.

அந்த அடித்தளத்தின்மேல்தான் ஒரே கோப்பை இரு செயலிகளில் கையாளும் வழக்கம் நிற்கிறது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன், தலைப்பையும் பட்டியலையும் எளிய குறிகளால் காட்டும் வெற்றுரை வடிவம். 2020ஆம் ஆண்டளவில் வெளிவந்த அப்சிடியன், லாக்சீக் ஆகிய இரு செயலிகளும் குறிப்புகளை இவ்வடிவில் பயனரின் கணினியிலேயே சேமிப்பதால், ஒரே கோப்புறையை இரண்டுக்கும் காட்டலாம். சிராங்கூன் சாலையின் வரலாற்றைத் தொகுப்பவர் ஒருவர், கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் கேட்டவற்றை லாக்சீக்கின் நாட்குறிப்பில் வரிவரியாகப் பதிந்து, அவற்றையே அப்சிடியனில் நீண்ட கட்டுரையாக விரிக்க முடியும்; இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதிய 'தேக்கா' என்னும் இணைப்பு இரண்டிலும் ஒரே பக்கத்துக்கே செல்லும்.

ஆயினும் இரு செயலிகளின் இயல்பும் ஒன்றன்று. அப்சிடியன் பத்தியை அலகாகக் கொள்ள விடுகிறது. லாக்சீக்கோ ஒவ்வொரு கருத்தையும் சிறு கோட்டில் தொடங்கும் துண்டாக்குவதால், அதில் திருத்திய கட்டுரை அப்சிடியனில் முழுப் பட்டியலாகவே காட்சி தரும். நாட்குறிப்புக் கோப்பின் பெயரில் லாக்சீக் அடிக்கோட்டையும் அப்சிடியன் இணைப்புக்குறியையும் இடுகின்றன. இதை அமைப்பில் மாற்றி ஒத்திசைக்கலாம். மாற்ற இயலாத இடர் ஒன்று உண்டு: லாக்சீக், ஒரு துண்டை வேறிடத்தில் சுட்டுவதற்கு நீண்ட அடையாள எண்ணை எழுதுகிறது, அதன் பொருளை அறியாத அப்சிடியன் அந்த எண்ணையே வாசகருக்குக் காட்டுகிறது. துண்டுச் சுட்டுகளை நிறையப் பயன்படுத்துவோர், தம் சிந்தனையின் இணைப்புகளை ஒரே செயலிக்குள் பூட்டிவைக்கின்றனர். அவர்களுக்கு இவ்வழக்கத்தால் கிடைக்கும் நன்மை சிறிதே. ஒரே கோப்பை இரண்டிலும் ஒருசேரத் திருத்துவதும் ஏற்கத்தக்கதன்று, ஒன்றின் சேமிப்பு மற்றதன் திருத்தத்தை அழித்துவிடக்கூடும்.

ஆகவே பதிவுக்கு ஒன்றும் கட்டுரைக்கு ஒன்றும் எனப் பணியைப் பிரித்து, இரு வகைக் கோப்புகளையும் தனித்தனி உட்கோப்புறைகளில் வைப்போருக்கே இம்முறை முழுப் பலன் தருகிறது. அவர்களும் செயலியின் பதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். லாக்சீக்கின் புதிய தரவுத்தளப் பதிப்பு குறிப்புகளை மார்க்டவுன் கோப்புகளில் அன்றி எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிப்பதால், இரு செயலிகளையும் சேர்த்துப் பயன்படுத்த உகந்தது பழைய கோப்புவழிப் பதிப்பே.