நகர மண்டபம்: ஒரு பெயரும் ஒரு படிக்கட்டும்



சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் நிலையங்களுள் ஒன்றன் பெயர் தமிழில் 'நகர மண்டபம்' என்று எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். நாள்தோறும் மக்கள் திரளாக அதனைக் கடந்து செல்கின்றனர். நிலையத்திலிருந்து சற்று நடந்தால், பாடாங் திடலை நோக்கி 18 பெருந்தூண்களுடன் நிற்கும் கட்டடத்தை அடையலாம். இன்று அது நகர நிருவாகம் நடக்கும் இடம் அன்று. தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. பணி மாறிய பின்னும் பெயர் நிலைத்திருக்கிறது. இப்பெயர் எதனைக் குறிக்கிறது என்று ஒரு மாணவர் வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்? அதனையே இன்று சிந்திக்க விழைகிறோம்.

மண்டபம் என்னும் சொல் நம் வழக்கில் தனியொருவரின் மாளிகையைக் குறிப்பதன்று. தூண்கள் தாங்கி நிற்க, ஊர் கூடும் இடம் அது. வழிப்போக்கரும் மழைக்கு ஒதுங்கலாம். யாரும் அவரை 'நீ யார்' என்று கேட்பதில்லை. இவ்வளவுகோலால் அளந்தால், இக்கட்டடம் எழுந்தபோது அதன் தூண்கள் மட்டுமே மண்டபத்துக்கு உரியனவாக இருந்தன என்பது புலப்படும்.

1926ஆம் ஆண்டு முதல் 1929ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட இதன் முதற்பெயர் நகராண்மைக் கழகக் கட்டடம் என்பது. சாலை, குடிநீர், துப்புரவு ஆகியவற்றை நடத்திய அக்கழகத்தின் ஆணையர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; நியமிக்கப்பட்டவர்கள். சாலை அமைத்தும் குப்பை அகற்றியும் நகரைப் பேணிய தொழிலாளர்களில் தமிழர் பலர் இருந்தனர். நகரைத் தூய்மையாக வைத்திருந்த கைகளுக்கு, நகரை ஆண்ட அவையில் இடமில்லை.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் சரணடைந்தனர். இரு நாள் கழித்து, ஐரோப்பியக் குடிமக்கள் இதன் எதிரேயுள்ள பாடாங்கில் கூடுமாறு பணிக்கப்பட்டனர்; பின்னர்ச் சிறைவைப்புக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஆள்வோராகத் திடலைக் கண்டவர்கள் அதே திடலில் கைதிகளாக நின்றனர். அடுத்த ஆண்டு, 1943 ஜூலை 5ஆம் நாள், சுபாஷ் சந்திர போஸ் இக்கட்டடத்தின் முன் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு உரையாற்றினார். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். அப்படையில் உயிர்நீத்தோர்க்குப் பாடாங்கை அடுத்த கடலோரத்தில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம், 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷாரால் தகர்க்கப்பட்டது. நினைவுச்சின்னத்தைத் தகர்க்கலாம், அங்கே நின்றவர்களின் மனத்தில் எழுந்த எண்ணத்தைத் தகர்க்க இயலாது.

அதே செப்டம்பர் 12ஆம் நாள், இக்கட்டடத்தின் மன்ற அறையில் ஜப்பானியத் தளபதி இத்தகாகி சரண் ஆவணத்தில் கையெழுத்திட்டார். மவுண்ட்பேட்டன் பிரபு அதனை ஏற்றார். ஆட்சி மீண்டது, ஆயின் ஆட்சியின் பழைய மதிப்பு மீளவில்லை. 1949இல் நகராண்மைக் கழகத்தின் 27 இடங்களில் 18 இடங்களுக்குத் தேர்தல் நடத்தப்பட்டது. 1951 செப்டம்பர் 22இல் சிங்கப்பூர் மாநகர் என்னும் தகுதியைப் பெற, கட்டடமும் நகர மண்டபம் என்னும் பெயரை அடைந்தது. 1957 டிசம்பரில் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் மக்களே உறுப்பினரைத் தேர்ந்தனர். முதல் மேயரான ஓங் எங் குவான், காலனி ஆட்சியின் அடையாளமாகக் கருதப்பட்ட செங்கோலை அவையிலிருந்து அகற்றச் செய்தார்.

அம்மன்றம் நெடுநாள் நீடிக்கவில்லை, 1959இல் கலைக்கப்பட்டது. ஆயினும் அது விட்டுச்சென்ற ஒன்று உண்டு. 1958இல் விக்டோரியா அரங்கின் மறுதிறப்பு விழாவுக்காக அம்மன்றம் இசையமைப்பாளர் ஸுபிர் சயித்திடம் ஒரு பாடலைக் கேட்டுப் பெற்றது. அதுவே 'மாஜுலா சிங்கப்பூரா'. நம் பள்ளிகளில் காலைதோறும் ஒலிக்கும் நாட்டுப்பண், ஒரு மாநகர மன்றத்தின் விழாப்பாடலாகப் பிறந்தது என்பதை மாணவர்க்கு நாம் சொல்லித் தருதல் தகும்.

1959 ஜூன் 5ஆம் நாள், ஜப்பானியர் சரணடைந்த அதே அறையில், லீ குவான் யூவும் அவர்தம் அமைச்சர்களும் பதவியேற்றனர். அவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம், பண்பாட்டு அமைச்சர். பின்னாளில் நம் பற்றுறுதிமொழியை எழுதியவரும் அவரே. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் யூசோஃப் இஷாக் யாங் டி பெர்துவான் நெகாராவாகப் பதவியேற்றபோது, புதிய கொடியும் நாட்டுச் சின்னமும் நாட்டுப்பண்ணும் இங்கே மக்களுக்கு அறிமுகமாயின. 1963 செப்டம்பர் 16இல் மலேசியாவோடு இணைந்த அறிவிப்பு இப்படிக்கட்டில் வாசிக்கப்பட்டது. அவ்விணைப்பு இரண்டாண்டு கூட நிறையவில்லை. 1966 ஆகஸ்ட் 9இல் முதல் தேசிய தின அணிவகுப்பு இதே படிக்கட்டின் முன் நடந்தது.

இங்கே ஒரு மொழிக் குறிப்பு. சீனமொழியில் இதன் பெயர் 'அரசாங்கக் கட்டடம்' என்று பொருள்படுவது. 1959க்குப் பின் பிரதமர் அலுவலகமும் இங்கே இயங்கியதை நினைத்தால் அப்பெயரும் பொருத்தமுடையதே. ஒரே கட்டடத்தை ஒரு மொழி ஆள்வோர் அமரும் இடமாக நினைவுகொள்கிறது. மற்றொரு மொழி மக்கள் கூடும் இடமாக நினைவுகொள்கிறது. இரண்டும் உண்மையே. ஆனால் தமிழ்ப்பெயர் கூறும் உண்மை, கட்டியவர்கள் தந்ததன்று. படிக்கட்டின் எதிரே திரண்டு நின்ற மக்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளில் தேடிக்கொண்டது.

1992இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2015 நவம்பரில், அருகிலுள்ள பழைய உச்ச நீதிமன்றத்தோடு இணைந்து கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மன்ற அறை இன்றும் பேணப்படுகிறது. ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கால், ஆண்டுகளை மட்டும் ஒப்பிக்கச் செய்ய வேண்டா. முதலில் படியில் நிற்கச் செய்து, 'இங்கே நின்று பேசியவர் யார்?' என்று கேட்போம். பின்னர்த் திடலில் நிற்கச் செய்து, 'இங்கே நின்று கேட்டவர் யார்? அவர்களுள் நம் முன்னோர் இருந்தனரா?' என்று கேட்போம். இரண்டாம் வினாவுக்கு நூலில் விடை குறைவு. அதனை வீட்டில் உள்ள மூத்தோரிடம் அவர்கள் கேட்டு வரட்டும். அன்றுமுதல் அந்நிலையத்தின் பெயர்ப்பலகை அவர்களுக்கு வெறும் பலகையாக இராது.