அறிவியல் மாணவர்க்கு உதவித்தொகை: நாம் தட்டாத கதவுகள்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மாணவன் உதவித்தொகை பெறுவதைக் குறைவாகக் கருதுவோர் நம்மில் இன்றும் உளர். ஆனால் ஹிஜ்ரி 459-இல், அதாவது கி.பி. 1067-இல், பக்தாதில் நிஜாமுல் முல்க் திறந்து வைத்த நிஜாமிய்யா மதரஸாவில் மாணவர்களுக்கு இருப்பிடமும் உதவித்தொகையும் வக்ஃபு வருவாயிலிருந்தே வழங்கப்பட்டன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய இடம் அது. கற்பவனின் வயிற்றைச் சமுதாயம் கவனித்துக்கொண்டால்தான் அவன் உள்ளம் கல்வியில் நிலைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நமது நிலை என்ன? 2006-ஆம் ஆண்டு சச்சார் குழு தன் அறிக்கையில், நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவரும், முதுநிலை மாணவர் 50 பேரில் ஒருவரும் மட்டுமே முஸ்லிம்கள் என்று தெரிவித்தது. அவ்வறிக்கைக்குப் பின்னர் சிறுபான்மையினருக்கென உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆஸாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2009-இல் தொடங்கியது. 2022 டிசம்பரில் அது நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. அதற்காக வருந்துவதும் குரல் கொடுப்பதும் நியாயமே. ஆயினும் 'சிறுபான்மை' என்று பெயர்ப்பலகை மாட்டிய கதவை மட்டுமே பார்த்து நிற்பது அறிவுடைமை ஆகாது. அனைவர்க்கும் பொதுவான கதவுகளும் உள்ளன. அவற்றைத் தட்டுவதற்கு நமக்கும் சம உரிமை உண்டு.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் கொண்டுவந்த 'இன்ஸ்பயர்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் தேர்வு வாரியத்தின் முதல் ஒரு சதவீத மாணவருள் இடம்பெற்று, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியலில் பட்டம் பயில்வோருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பது அதன் அமைப்பு. அதில் 60,000 ரூபாய் மாணவருக்கான தொகை. 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென ஒதுக்கப்படுவது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இது கிடையாது. முதலாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். "பி.எஸ்.சி.தானே" என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் படிப்புக்குத்தான் இவ்வளவு மதிப்பு!

அடுத்து, பெங்களூர், டெல்லி, அலகாபாத் ஆகிய இடங்களில் தலைமையகம் கொண்ட மூன்று அறிவியல் அகாடமிகளும் இணைந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம். இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரின் கீழ்ப் பணியாற்றலாம். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பணம் கொடுத்துப் பயிற்சி பெறும் இக்காலத்தில், பயிற்சி பெறுவதற்குப் பணம் தருகிறார்கள்.

"பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவு எப்படி அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் காரைக்குடி தொலைவா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவாகி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள அறிவியலாளர் ஒருவர் வழிகாட்ட இசைந்தால் இன்ஸ்பயர் கோடைப் பணியை அங்கேயே செய்யலாம். வெளியூர் செல்ல நேர்ந்தால் தந்தையோ சகோதரனோ உடன் சென்று விடுதியைப் பார்த்து வரட்டும். பார்க்காமலேயே மறுப்பது அப்பிள்ளையின் உழைப்புக்குச் செய்யும் அநீதி.

இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள் சென்னையில் பொறியியல் படிப்பில் சேர்வதற்கு, அவர்தம் சகோதரி தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இன்றும் நம் தாய்மார்களின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. வட்டி என்னும் பெரும்பாவமும் கூடவே வீட்டுக்குள் நுழைகிறது. விண்ணப்பம் ஒன்றை உரிய நாளில் அனுப்பியிருந்தால் அந்த நகை வீட்டில் இருந்திருக்கும் என்ற நிலை எந்த வீட்டிலும் வரக்கூடாது.

எனவே நிர்வாகக் குழுவினர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, விண்ணப்பத்தின் கடைசி நாட்களை ஜும்ஆவிற்குப் பின் அறிவிக்க வேண்டும். இரண்டு, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கோடை விடுமுறையிலேயே முடித்துக் கொடுக்கப் பட்டதாரி இளைஞர் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மூன்று, உதவித்தொகை கைக்கு வரும் வரை பயணத்திற்கும் விடுதிக்கும் ஆகும் செலவை பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாகத் தர வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு அதைத் தனியே வழங்கலாம்.

மாணவக் கண்மணிகளே! முதல் ஒரு சதவீதம் என்பது எளிதன்று. பதினொன்றாம் வகுப்பில் காலடி வைக்கும் நாளிலேயே அதற்கான உழைப்பு தொடங்க வேண்டும். சமுதாயம் வழியைக் காட்டலாம். நடக்க வேண்டியவர்கள் நீங்களே.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்குத் துணைநிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.