ஐயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

  

அரசியல் கொந்தளிப்பும் பொதுச் சுகாதாரமும் என்ற பொருள் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. மக்கள் நல்வாழ்வில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலத்தின் தலைநகர் இது. திருவிதாங்கூரில் 1813-இலேயே, ராணி கௌரி லட்சுமி பாயி காலத்தில், அம்மை குத்தும் பணி தொடங்கிவிட்டது. குடிமக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தார் தாங்களே முதலில் குத்திக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில், இருநூறு ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், கொரோனா பரவிய நாட்களில், சுகாதாரப் பணியாளர்களின் காரை மக்கள் மறித்தார்கள். ஏன் மறித்தார்கள் என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நிகழ்ந்தது பூந்துறையில். நகரின் கடலோரத்தில் நெருக்கமாக வீடுகள் அமைந்த மீனவர் குடியிருப்பு அது. ஜூலை 6 முதல் நகரில் 'மும்மடங்கு ஊரடங்கு' எனப்பட்ட கடும் கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. பூந்துறையில் தொற்று விரைந்து பரவியதும் கமாண்டோக்கள் வந்து இறங்கினார்கள். கடலுக்குப் போகத் தடை. பக்கத்து வார்டுக்குப் போய் அரிசி, காய்கறி வாங்கவும் வழியில்லை. ஜூலை 10 அன்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பணியாளர்கள் வந்த காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடியை இறக்கச் சொல்லி, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து இருமினார்கள் சிலர். நாடு முழுவதும் அதுதான் செய்தியாயிற்று. 'கல்வி நிறைந்த கேரளத்திலா இப்படி!' என்று வியந்தவர்கள் பலர்; கடலோர மக்களே இப்படித்தான் என்று முடிவு கட்டியவர்கள் அதைவிடப் பலர்.

சில நாள் கழித்து நடந்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. அதே பூந்துறையில் அதே மக்கள் வருத்தம் தெரிவித்து, சுகாதாரப் பணியாளர்கள் மேல் பூத்தூவி வரவேற்றார்கள். ஒரு வாரத்துக்குள் யாருடைய படிப்பறிவும் கூடிவிடாது, குறைந்துவிடவும் செய்யாது. ஆகவே அறியாமை என்ற விளக்கம் இங்கே எடுபடாது.

பூந்துறையின் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 2009 மே 17 அன்று, அடுத்த கரையான பீமாபள்ளியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்று பூந்துறையும் சொன்னது, விழிஞமும் சொன்னது, எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தின் தூத்தூரும் சின்னத்துறையும் சொன்னன. இரு மாநிலக் கரைகளிலும் சேர்த்து முந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். காணாமல்போனவர்களைத் தேடித் தரக் கேட்டுக் குழித்துறையில் ரயிலை மறித்த மக்கள் நம் குமரி மக்கள்தான். மறு ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் இதே மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று அரசே பாராட்டியது. இரண்டே ஆண்டில் அந்தப் படையின் தெருவில் துப்பாக்கி ஏந்திய கமாண்டோ நின்றான். கரையோர மனிதன் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கடல் வீட்டை இழுத்துக்கொண்டு போன பிறகு வலியதுறை சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த குடும்பங்களையும் சேர்த்துத்தான் அவன் அரசை எடை போடுகிறான்.

இதோடு அந்த வாரத்து அரசியலையும் சேர்த்துப் பாருங்கள். 2020 ஜூலை 5 அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தூதரகப் பார்சலில் 30 கிலோ தங்கம் பிடிபட்டது. அதைத் தொடர்ந்து தலைநகரில் நாள்தோறும் மறியல், தண்ணீர் பீய்ச்சல், தடியடி. தொற்றுக்கால விதிகளை மீறிய போராட்டங்களை உயர்நீதிமன்றமே தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. நகரின் நடுவில் கட்சித் தொண்டர்கள் தோளோடு தோள் உரசி முழக்கமிட்டபோது, கடலோரத்தில் காய்கறி வாங்க நடந்தவன் குற்றவாளி ஆனான். பூந்துறை மறியலைத் தூண்டிவிட்டது எதிர்க்கட்சி என்றது ஆளுங்கட்சி. அரசின் தோல்வி என்றது எதிர்க்கட்சி. பரிசோதனை முடிவே பொய் என்ற வதந்தி இந்தச் சண்டையின் நடுவில்தான் கால் ஊன்றியது. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லிக்கொண்டிருக்கையில், மூன்றாவதாக வந்த செவிலியரை மட்டும் மக்கள் எப்படி நம்புவார்கள்?

அரசின் பக்கத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நேர்ந்துவிட்டது என்று முதலமைச்சர் வெளிப்படையாக அறிவித்தார். இந்தியாவில் ஒரு மாநில அரசு அதை ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. கசப்பான உண்மையை மறைக்காமல் சொல்வதும் நம்பிக்கையை வளர்க்கும் வேலைதான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது வீடு புகுந்து சோதனை நடத்திய வெறுப்பில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே ஆண்டு பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இலும் கையில் வைத்திருந்தோம். காங்கோவில் 2018 டிசம்பரில் எபோலாவைக் காரணம் காட்டி பெனி, புடெம்போ பகுதிகளில் அதிபர் தேர்தலை ஒத்திவைத்தார்கள். வாக்குரிமை பறிபோன கோபத்தில் மக்கள் பெனியில் எபோலா மையத்தைத் தாக்கினார்கள். அந்த வட்டாரத்தில் அதற்குச் சில மாதம் முன் நடந்த ஆய்வில், நான்கில் ஒருவர் எபோலா என்ற நோயே இல்லை என்று நினைத்ததாகத் தெரியவந்தது. ஆட்சியாளர்மேல் இருந்த சந்தேகம் நோயின் மேலேயே பாய்ந்துவிட்டது.

இப்படிச் சொல்வதால், எல்லா ஐயமும் நியாயமே என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடக் கூடாது. 2016-இல் மலப்புறத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார்கள். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாட்ஸ்அப்பில் பரவிய பொய்கள் பெற்றோரைப் பள்ளி வாசலில் தயங்க வைத்தன. பொய்யைப் பொய் என்று சொல்ல எந்த அறிஞரும் தயங்கக் கூடாது. ஆனால் பொய் எந்த நிலத்தில் முளைக்கிறது என்று ஆராய்வதும் நம் கடமை.

நம்பிக்கையை நோய் வந்த பிறகு விதைக்க முடியாது. அது சாதாரண நாட்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் மனிதர்களால் வளர்வது. இங்கே அந்த மனிதர் ஆஷா பணியாளர். 2025 பிப்ரவரி 10 அன்று தொடங்கி எட்டு மாதத்துக்கும் மேலாக, இந்த நகரின் தலைமைச் செயலக வாசலில் வெயிலிலும் மழையிலும் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. போராட்டத்தில் சிலர் தலைமுடியை வெட்டியெறிந்தார்கள். முடிவில் கிடைத்த உயர்வு 1,000 ரூபாய். மாநிலம் பணம் தருவதா, மத்திய அரசு தருவதா என்று இரு அரசுகளும் பந்தை மாறி மாறி உதைத்தன. 2018-இல் நிபா நோயாளியைக் கவனித்துத் தன் உயிரைக் கொடுத்த செவிலியர் லினியைப் போற்றும் நாடு, உயிரோடு இருக்கும் ஊழியருக்குக் கூலி கொடுக்கத் தயங்குவது எந்த அறம்?

இக்கருத்தரங்குக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, கட்டுரை வாசிப்போர் அரசாணைகளோடு நின்றுவிடாமல், அந்த ஆணை பூந்துறையிலும் தூத்தூரிலும் என்ன வடிவில் போய்ச் சேர்ந்தது என்பதை மக்கள் வாய்மொழியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு, 2023-இல் வந்த கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் 1939-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தையும் அருகருகே வைத்து, அடைப்புக் காலத்தில் உணவுக்கும் வருமானத்துக்கும் அவை என்ன உறுதி தருகின்றன என்று மதிப்பிட வேண்டும். மூன்று, நம் முடிவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எளிய நடையில் எழுதி, ஊராட்சிகளிலும் பங்கு ஆலயங்களிலும் ஜமாஅத்துகளிலும் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் மறுத்துப் பேசினால் அதையும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: நோய் வந்த தெருவுக்குப் போலீசுக்கு முன்னால் அரிசியும் மருத்துவரும் போக வேண்டும். அந்த வரிசை மாறாத சமூகத்தையே நல்ல சமூகம் என்பேன். அதை எப்படிச் சட்டமாக்குவது, எப்படி நடைமுறையாக்குவது என்று விவாதியுங்கள்; கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பேசுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.