கடைசியாக வந்தவன் பேசுகிறேன்



முழங்கால் ஆபரேஷன் முடிந்த மறுவருஷம், 48 வயதில், ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொண்டேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும்.

கடலில் உப்புத்தண்ணீர் குடித்தேன். சைக்கிளில் பாதி தூரம் தாண்டியதும் பஞ்சர்! வெளியாள் உதவக் கூடாது என்பது விதி. அன்றைக்கு நம்ம காலேஜ் வாசல் சைக்கிள் கடை அண்ணன், "கடனுக்கு ஒட்டமாட்டேன், நீயே ஒட்டிக்கோ தம்பி" என்று சொல்லிக் கொடுத்த வேலைதான் கைகொடுத்தது. பதினைந்து நிமிஷம் போச்சு.

ஓட்டத்தில் முழங்கால் கெஞ்சியது. நடந்தேன், ஓடினேன். கடைசி ஆளாக வந்தேன், ஆனால் முடித்தேன்.

தம்பி தங்கைகளே, அரியர் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: பஞ்சர் ஆச்சேன்னு வண்டியைப் போட்டுவிட்டு வராதீர்கள். ஒட்டிவிட்டு ஓட்டுங்கள்.